‘செல்வி’ என்னும் அடைமொழி: பொருளும் எழுதும் முறையும்

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருக்கும் எனக்கு, அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஐயத்தைத்தான் வெவ்வேறு வடிவில் கொண்டுவருகிறார்கள். “பெண்ணுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது, இன்னும் செல்வி என்று போடலாமா?” என்பார் ஒருவர். “டாக்டர் என்று இருக்கும்போது செல்வியும் வேண்டுமா?” என்பார் இன்னொருவர். “கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று தெரியவில்லை, எதற்கும் திருமதி என்றே போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மூன்றாவதாகச் சொன்னதுதான் அதிகம் பிழைக்கு இடம் கொடுக்கிறது. செல்வி என்பது ஒரு பெண்ணை மதித்து அழைப்பதற்காக ஏற்பட்ட சொல். மதிப்புக் குறையாமல் அதை எங்கே, எப்படி எழுதுவது என்பதை என் அனுபவத்திலிருந்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். தலைவனுக்குத் தலைவி, தோழனுக்குத் தோழி என்பதுபோலச் செல்வனுக்குச் செல்வி. செல்வம் உடையவள், சிறப்புடையவள் என்பதே சொல்லின் நேர்ப்பொருள். திருமணம் ஆகாதவள் என்ற குறிப்பு அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. அது பிற்காலத்தில், அடைமொழியாக வழங்கத் தொடங்கிய பிறகு, மேலே வந்து ஏறிய பொருள். சங்கப் பாடல்களில் இச்சொல் தெய்வத்துக்கு உரியதாக நிற்கிறது. அகநானூற்றில் ‘கடல்கெழு செல்வி’ என்றும் ‘கானமர் செல்வி’ என்றும் வருகின்றன. பெரும்பாணாற்றுப்படை ‘துணங்கையஞ் செல்வி’ என்கிறது. கடலையும் காட்டையும் இடமாகக் கொண்டு ஆண்ட பெண் தெய்வங்களை அன்று அப்படி அழைத்தார்கள். தென் மாவட்டங்களில் வடக்குவாசல் செல்வி என்று அம்மனை வழிபடும் ஊர்களில் இந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. செல்வி என்று எழுதத் தயங்குகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்: இது சிறுமிக்கு இடும் செல்லப்பெயர் அன்று, பருவத்தைச் சுட்டும் சொல்லும் அன்று. பேதை முதல் பேரிளம்பெண் வரை வயதை எண்ணிப் பெண்களைப் பகுத்த ஏழு பருவப் பெயர்கள் தமிழில் தனியே உள்ளன. அவற்றுள் செல்வி என்பது இல்லை.

அலுவல் வழக்கில் இச்சொல் இன்றைய இடத்தைப் பிடித்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு ஆணுக்கு ஸ்ரீ, மணமான பெண்ணுக்கு ஸ்ரீமதி, மணமாகாத பெண்ணுக்குக் குமாரி என்று எழுதுவதே பெருவழக்கு. இவற்றுக்கு மாற்றாகத் திரு, திருமதி, செல்வி என்ற சொற்களைத் தமிழ் இயக்கத்தாரும் திராவிட இயக்கத்தாரும் மேடையிலும் ஏட்டிலும் பரப்பினார்கள். 1967இல் அண்ணாதுரை தலைமையில் அமைந்த அரசு அவற்றை அரசு வழக்காகவே ஆக்கியது. ஸ்ரீமதி என்பதை ஒட்டியே திருமதி உருவானது. திருவை உடையவள் என்பதுதான் அதற்கும் பொருள். ஆக, திருமதிக்கும் செல்விக்கும் சொற்பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றை மணமானவர்களுக்கும் மற்றதை மணமாகாதவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தது வழக்கே.

வழக்கு அப்படிப் பிரித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் எழுத வேண்டும். செல்வி என்று அச்சிட்டால் படிக்கிறவர் மணமாகாதவர் என்றே புரிந்துகொள்வார். ஆனால் வயதுக்கு மேல்வரம்பு எதுவும் வழக்கிலும் இல்லை. ஐந்து வயதுச் சிறுமியும் செல்விதான். மணம் செய்துகொள்ளாமல் எண்பது வயது கண்ட மூதாட்டியும் செல்விதான். தமிழ்நாட்டில் இதற்கு எல்லோரும் அறிந்த சான்று முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா. 1948இல் பிறந்த அவர் 2016இல் மறையும் வரை, அரசின் செய்திக்குறிப்புகள் ‘மாண்புமிகு முதலமைச்சர் செல்வி ஜெ ஜெயலலிதா’ என்றே எழுதின. அறுபத்தெட்டு வயதில் அந்த அடைமொழி அவருக்குப் பொருந்தவில்லை என்று யாரும் நினைத்ததில்லை. இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தல்களிலும் மணமாகாமல் வாழ்ந்து மறைந்த முதியவர்களின் பெயருக்கு முன் செல்வி என்று அச்சாவதைக் காணலாம். எனவே முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் செல்வி போடலாமா என்ற கேள்விக்கு என் விடை, அவர் அதை விரும்புகிறார் என்றால் தயங்காமல் போடலாம் என்பதே.

வயதை வைத்து ஊகித்து எழுதுவதால் வரும் துன்பத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில், சிறப்பு விருந்தினராக வரவிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பெயருக்கு முன் திருமதி என்று கையெழுத்துப்படியில் இருந்தது. அப்படியே கோத்து, அப்படியே அச்சிட்டு அனுப்பினோம். விழாவுக்கு மூன்று நாள் முன்பு அந்த அம்மையாரே அச்சகத்துக்கு வந்தார். கையில் இருந்த அழைப்பிதழில், திருமதி என்ற சொல்லை நீல மையால் ஒரே கோடு இழுத்து அடித்து, மேலே சிறிய, திருத்தமான எழுத்தில் ‘செல்வி’ என்று எழுதியிருந்தார். முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்த பதிவேடுகளில் எல்லாம் செல்வி என்றுதான் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது, இந்த ஒரு தாளில் மட்டும் வேறொருத்தியாக இருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்றிலிருந்து எந்தப் பெண்ணின் பெயருக்கு முன் அடைமொழி வந்தாலும், கையெழுத்துப்படி கொடுத்தவரிடம் “அவரிடம் கேட்டீர்களா?” என்று ஒருமுறை கேட்காமல் நான் மெய்ப்பில் கையெழுத்திடுவதில்லை.

அடைமொழியைத் தீர்மானிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கே உரியது. மணமான பின்பும் தம் தொழில்பெயரோடு செல்வி என்பதையே வைத்துக்கொள்கிற கலைஞர்கள் உண்டு. மணமுறிவு பெற்றவர்களில் சிலர் திருமதி என்பதைத் தொடர்கிறார்கள், சிலர் செல்விக்குத் திரும்புகிறார்கள், சிலர் இரண்டும் வேண்டாம் என்கிறார்கள். திருநங்கையரிடமும் இதே முறைதான்: கேட்டு, அவர் சொல்வதை எழுத வேண்டும். கேட்பதற்குத் தயக்கம் இருந்தால் “உங்கள் பெயரை அழைப்பிதழில் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்” என்றால் போதும். “உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?” என்று கேட்க வேண்டிய தேவையே எழாது.

கேட்க இயலாத நிலையில் என்ன செய்வது? தொழில் அல்லது பட்டம் தெரிந்தால் அதுவே போதும்: முனைவர், மருத்துவர், வழக்கறிஞர், பேராசிரியர், கவிஞர் போன்றவை மணநிலையைத் தொடாதவை. ‘மருத்துவர் செல்வி’ என்று இரண்டையும் அடுக்குவதை நான் தவிர்க்கச் சொல்வேன். பட்டம் வந்த இடத்தில் மற்ற அடைமொழி மிகை. பட்டமும் தெரியவில்லை என்றால் ‘திருமிகு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அது ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது. மணமானவரா என்பதையும் சொல்லாது. அதுவும் வேண்டாம் என்றால், பெயரை எழுதி ‘அவர்கள்’ சேர்த்தாலே மரியாதை முழுமையாக வந்துவிடும்.

இந்த இடத்தில் என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆணுக்குச் சிறுவயதில் செல்வன், வளர்ந்ததும் திரு. அதற்குமேல் அவர் மணந்தாரா என்பதை அந்த அடைமொழி சொல்வதில்லை. பெண்ணுக்கு மட்டும் பெயர் தொடங்கும் முன்பே மணநிலை வந்து நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. மேற்கு ஜெர்மனியில் மணமாகாத பெண்ணைக் குறித்த ‘ஃப்ராய்லைன்’ என்ற சொல்லை 1972இல் அரசு அலுவல் வழக்கிலிருந்து நீக்கினார்கள். பிரான்சில் ‘மத்மசேல்’ என்ற சொல் 2012இல் அரசுப் படிவங்களிலிருந்து எடுக்கப்பட்டது. நமக்குச் செல்வி என்ற அழகான சொல்லை நீக்க வேண்டிய தேவை இல்லை என்றே நினைக்கிறேன். அதன் மூலப்பொருளில் மணநிலை இல்லாததால், விரும்பும் எந்தப் பெண்ணும் எந்த வயதிலும் அதை வைத்துக்கொள்ளலாம். படிவம் வடிவமைப்பவர்கள் மட்டும் ‘திரு / திருமதி / செல்வி’ என்பதோடு ‘திருமிகு’ என்பதையும் சேர்த்து, நிரப்புகிறவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் விடவும் இடம் கொடுத்தால் நல்லது. பொருந்தாதவற்றை அடித்துவிடவும் என்று அச்சிட்ட பழைய படிவங்களை நான் இப்போது கோப்பதில்லை. வேண்டியதைக் குறிக்கவும் என்று மாற்றித் தருகிறேன்.

இனி எழுதும் முறை. செல்வி என்பது முழுச்சொல், சுருக்கம் அன்று. ஆகவே அதன் பின் புள்ளி வராது. ‘செல்வி. கயல்விழி’ என்று எழுதுவது பிழை. திரு, திருமதி ஆகியவற்றுக்கும் இதே விதிதான். பத்திரிகைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் புள்ளியோடு எத்தனை முறை கண்டாலும் நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. புள்ளி தலைப்பெழுத்துக்கு உரியது: ‘செல்வி மு. கயல்விழி’. அடைமொழிக்கும் பெயருக்கும் இடையே இடம் விட வேண்டும்; ஒற்று மிகுத்துச் ‘செல்விக் கயல்விழி’ என்று எழுதும் வழக்கம் இல்லை. வேற்றுமை உருபு அடைமொழியில் ஏறாது, பெயரில்தான் ஏறும்: ‘செல்வி கயல்விழியிடம்’, ‘செல்வி கயல்விழிக்கு’. ஒருவருக்கு மேற்பட்டவர்கள் என்றால் ‘செல்வியர் கயல்விழி, தேன்மொழி’ என்று ஒருமுறை பன்மையில் எழுதிப் பெயர்களைத் தொடுக்கலாம்.

வினைமுற்று எப்போதும் மரியாதைப் பன்மையில் இருக்க வேண்டும். ‘செல்வி அமுதா முதல் பரிசு பெற்றாள்’ என்று எழுதினால், முன்னால் கொடுத்த மரியாதையைப் பின்னால் பறித்ததாகிவிடும். பள்ளிச் சிறுமியே ஆனாலும் பொது எழுத்தில் ‘பெற்றார்’ என்பதே முறை. ‘அவர்கள்’ என்பதைச் சிறுமியின் பெயரோடு சேர்ப்பதில்லை. வளர்ந்தவர் பெயரோடு சேர்க்கலாம், சேர்ப்பது நல்லது. மாணவி என்று முன்பே சொல்லிவிட்ட வாக்கியத்தில் செல்வியும் வேண்டியதில்லை, இரண்டில் ஒன்று போதும்.

கடிதம் எழுதும்போது, பெறுநர் முகவரியில் ‘செல்வி இரா. தேன்மொழி அவர்கள்’ என்று எழுதி, உள்ளே விளிக்கும்போது ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்றோ ‘அன்புடையீர்’ என்றோ தொடங்கலாம். அம்மையீர் என்பது வயதானவர்களுக்கு மட்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இருபது வயது அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்திலும் அதுதான் முறையான விளி. உள்ளே ‘செல்வி அவர்களே’ என்று மட்டும் எழுதுவது கூடாது. அது அவருடைய பெயரே செல்வி என்பதுபோல ஒலிக்கும். மனுக்களில் பெயரை அடுத்துத் தந்தை பெயரைக் குறிக்க த/பெ என்றும் கணவர் பெயரைக் குறிக்க க/பெ என்றும் எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ‘செல்வி’ என்று தொடங்கிய வரியில் க/பெ வந்து நின்றால் அலுவலகத்தில் கேள்வி எழும் என்பதால், இரண்டும் முரண்படாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மேசைக்கு வரும் தாள்களில் மிகுதியாகத் திருத்த நேர்வது திருமண அழைப்பிதழைத்தான். சிரஞ்சீவி, சௌபாக்கியவதி என்று எழுதிய இடத்தில் இன்று பலரும் திருவளர்செல்வன், திருவளர்செல்வி என்றும் திருநிறைசெல்வன், திருநிறைசெல்வி என்றும் எழுதுகிறார்கள். பத்து அழைப்பிதழ்களில் எட்டு ‘திருவளர்ச்செல்வி’ என்று ச் சேர்த்தே வருகின்றன. அந்த ஒற்று அங்கே வரக்கூடாது. வளர்கின்ற, வளர்ந்த, வளரும் என்று மூன்று காலமும் மறைந்து நிற்கும் ‘வளர்’ என்ற பகுதி அடுத்த பெயரோடு சேர்வது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் என்று சொல்லிப் பார்த்தால் காதே தெரிவித்துவிடும்; யாரும் ‘ஊறுக்காய்’ என்பதில்லை. திருநிறைசெல்விக்கும் இதே காரணம்தான். ஆனால் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி என்ற பெயர்களில் ச் வரத்தான் வேண்டும், ஏனெனில் அங்கே முன்னால் நிற்பவை வினைப்பகுதிகள் அல்ல, பெயர்ச்சொற்கள். மணமகளின் பெயரே தமிழ்ச்செல்வி என்று இருந்து, ‘திருவளர்செல்வி க. தமிழ்ச்செல்வி’ என்று ஒரே வரியில் இரண்டும் வந்தபோது, ஒன்றில் ஒற்று இருக்கிறது, மற்றதில் இல்லை, அச்சுப்பிழை என்று பெண்ணின் தாய்மாமன் மெய்ப்பைத் திருப்பி அனுப்பினார். அவரை உட்காரவைத்து, தாளின் ஓரத்தில் ஊறுகாய் என்றும் கலைச்செல்வி என்றும் எழுதிக் காட்டி விளக்கினேன். அவர் அந்த ஓரத்தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

திருவளர், திருநிறை ஆகிய இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு சொல்வார்கள். வீட்டில் இன்னும் மணமாக வேண்டிய பிள்ளைகள் இருந்தால் திருவளர் என்றும், கடைசிப் பிள்ளையின் மணமாக இருந்தால் திருநிறை என்றும் போட வேண்டும் என்பது பல குடும்பங்களில் கடைப்பிடிக்கும் வழக்கம். இது இலக்கண விதி அன்று; ஆனாலும் குடும்பத்துப் பெரியவர்கள் இதைக் கவனித்துப் பார்ப்பார்கள் என்பதால், கையெழுத்துப்படி எழுதும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பேச்சுவழக்கில் நிலைமை வேறு. செல்வி என்பது எழுத்திலும் மேடையிலும் வாழும் அடைமொழி. தெருவிலோ கடையிலோ முன்பின் தெரியாத இளம்பெண்ணை அழைக்க அது உதவாது. “செல்வி, கொஞ்சம் வழி விடுங்கள்” என்றால் யாரோ பெயர் தெரிந்து கூப்பிடுகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். அங்கே ‘அம்மா’, ‘தங்கச்சி’, ‘மேடம்’ என்ற சொற்களே பழக்கம். ‘ங்க’ சேர்த்துப் பேசினால், எந்த விளியும் இல்லாமலே மரியாதை விளங்கிவிடும். முன்பின் அறியாத வளர்ந்த பெண்ணைப் ‘பாப்பா’ என்று அழைப்பதை, அழைப்பவர் எவ்வளவு அன்போடு சொன்னாலும், நான் பொருத்தமாகக் கருதுவதில்லை. பள்ளிகளில் ஆசிரியைகளை ‘மிஸ்’ என்று பிள்ளைகள் அழைப்பது மணநிலையைப் பார்த்து அன்று. பேரப்பிள்ளை கண்ட ஆசிரியையும் வகுப்பறையில் மிஸ்தான்.

மேடையில் அறிவிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். பெயர்ப்பட்டியலை அப்படியே வாசிக்காமல், ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டையில் அடைமொழியோடு பெயரை எழுதி, நிகழ்ச்சி தொடங்கும் முன் உரியவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரங்கேற்ற நிகழ்ச்சிகளில் ஆடும் பெண் செல்வி என்றும் குரு திருமதி என்றும் பழக்கத்தால் வாய் சொல்லிவிடும்; குருவும் செல்வியாக இருக்கக்கூடும்.

வெளிநாட்டுத் தமிழருக்கு எழுதும்போது அங்குள்ள வழக்கைப் பின்பற்ற வேண்டும். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தித்தாளில் குமாரி என்ற சொல் இன்றும் இயல்பாக வருகிறது. திருவாட்டி என்ற சொல்லும் அங்கே பெருவழக்கு. தமிழ்நாட்டில் குமாரி பழமையாகத் தோன்றினாலும் அங்கே அப்படி இல்லை. அதைத் திருத்திச் செல்வி என்று மாற்றி அச்சிடுவது நம் வேலை அன்று.

கடைசியாக ஒரு சிக்கல். செல்வி என்பதே பெயராக அமைந்தவர்கள் நம்மிடையே ஏராளம். மணமாகாத செல்விக்குச் ‘செல்வி செல்வி’ என்று அச்சிட்டால், படிக்கிறவர் எழுத்துப்பிழை என்று ஒன்றை அடித்துவிடுவார். இங்கே தலைப்பெழுத்துதான் துணை: ‘செல்வி ப. செல்வி’ என்று எழுதினால் முன்னது அடைமொழி, பின்னது பெயர் என்று தெளிவாகிவிடும். தலைப்பெழுத்து இல்லாதவர் என்றால் ‘திருமிகு செல்வி அவர்கள்’ என்று எழுதுங்கள்.